மோசசாரஸ்: உறவு தேடிய வரலாறு

மோசசாரஸ் என்பது ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் மறைந்த அதே காலத்தில் அழிந்துபோன ஒரு கடல் ஊர்வன விலங்கு. அதன் நெருங்கிய உறவு எது என்ற கேள்விக்கு முதலை, திமிங்கலம், உடும்பு, பாம்பு என நான்கு விடைகள் கூறப்பட்டுள்ளன. முன்பே கிடைத்திருந்த எலும்புகளை மீண்டும் ஆராய்ந்தபோதுதான் பெரும்பாலும் விடை மாறியது.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரை அடுத்த சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில், 1780ஆம் ஆண்டையொட்டி, பெருந்தாடைகளுடன் ஒரு மண்டையோடு கிடைத்தது. அங்கிருந்த படை மருத்துவர் ஹோஃப்மன் அதை முதலை என எண்ணினார். புகழ்பெற்ற உடற்கூற்றியல் அறிஞர் பெட்ரஸ் காம்பர் 1786இல் அதைத் திமிங்கலம் என்றார். பிரெஞ்சுப் படை நகரைக் கைப்பற்றியபின் மண்டையோடு பாரிசுக்குச் சென்றது. அதைத் தேடித் தருவோருக்கு 600 புட்டி ஒயின் பரிசாக அறிவிக்கப்பட்டதாக ஒரு கதை உண்டு. சுவையான கதைதான், ஆனால் வரலாற்றாசிரியர்கள் அதை நம்புவதில்லை.

காம்பரின் மகன் அட்ரியான், தந்தை சேர்த்து வைத்திருந்த எலும்புகளையே மறுபடி ஆராய்ந்து, தந்தையின் முடிவை மறுத்தார். பாலூட்டியான திமிங்கலத்தின் கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஓர் எலும்பே இருக்கும். இதில் பல எலும்புகள் இணைந்திருந்தன. அண்ணத்திலும் பற்கள் இருந்தன. அவை முதலைக்கு இல்லை. இது உடும்பை ஒத்த மாபெரும் பல்லியினம் என்று 1799இல் அவர் குவியேவுக்கு எழுதினார். 1808இல் குவியே அதை உறுதிசெய்தார். உயிரினங்கள் முற்றாக அழியக்கூடும் என்பதையே பலர் ஏற்காத காலம் அது. குவியேவின் வாதத்துக்கு இவ்விலங்கு வலுவான சான்றாயிற்று. மாஸ் ஆற்றின் பெயரால் மோசசாரஸ் என்ற பெயரை 1822இல் இட்டவர் கோனிபேர்.

1869இல் அமெரிக்கரான எட்வர்ட் கோப் புதிய விடையொன்றைத் தந்தார். கீழ்த்தாடையின் நடுவில் ஒரு மூட்டும் அண்ணத்தில் பற்களும் இருப்பதால், மோசசாரஸ் குழு பாம்புகளுக்கு நெருங்கியது என்றார். அக்கருத்து நெடுங்காலம் ஒதுக்கப்பட்டது.

எருசலேமுக்கு வடக்கே ஐன் யப்ரூதில் கிடைத்த பாக்கிராக்கிஸ் என்ற, பாம்பு போன்ற கடல் விலங்கின் புதைபடிவங்களை ஹாஸ் 1970களின் இறுதியில் விவரித்திருந்தார். கால்டுவெல், லீ ஆகியோர் 1997இல் அவற்றை மறுஆய்வு செய்து, பின்னங்கால்கள் கொண்ட தொன்மையான பாம்பு அது என்றும், மோசசாரஸ் வழியினருடன் பாம்புகளை இணைக்கிறது என்றும் வாதிட்டனர். அதே புதைபடிவங்களைப் பார்த்த சாஹர், ரீப்பல் இருவரும், அது மலைப்பாம்பு போல வாய் அகன்று திறக்கும் வளர்ச்சியுற்ற பாம்பு என்று மறுத்தனர். 2006இல் அர்ஜென்டினாவின் நிலப்படிவுகளிலிருந்து இடுப்பெலும்பும் பின்னங்கால்களும் உடைய நஜாஷ் என்ற பாம்பு விவரிக்கப்பட்டதும், பாம்புகள் கடலில் தோன்றின என்ற கருத்து தளர்ந்தது. ஆயினும் பாம்பு எங்கே தோன்றியது என்பது வேறு, மோசசாரஸ் யாருக்கு உறவு என்பது வேறு. இவ்விரண்டையும் குழப்பியதால்தான் விவாதம் இத்தனை சூடேறியது எனலாம்.

மோசசாரஸுக்கு மரபணுச் சான்று கிடைக்க வழியில்லை. வாழும் இனங்களின் மரபணுவையும் புதைபடிவ எலும்புகளையும் சேர்த்து ஆராய்ந்த 2015ஆம் ஆண்டு ஆய்வொன்று அதைப் பாம்புகளுக்கு அருகில் வைத்தது. எலும்புகளை மட்டும் கொண்ட சில ஆய்வுகள் உடும்புக்கு அருகிலேயே வைக்கின்றன.