பிடித்த அழுக்கு எங்கே போகிறது?

2012ஆம் ஆண்டு. சென்னையைத் தாண்டினால் தமிழ்நாட்டில் பல ஊர்களில் நாளில் பாதி நேரம் கரன்ட் இருக்காது. ஒத்தக்கடையில் மாமா வீட்டுக் கொல்லையில் நின்றால் யானைமலை முழுசாகத் தெரியும். மலைக்கும் வீட்டுக்கும் நடுவே நாலு தென்னை, ஒரு வாழை வரிசை, அப்புறம் அந்தத் தொட்டி. 20,000 லிட்டர் பிடிக்கிற சிமென்ட் தொட்டி. அதில் 14 கோய் மீன்கள். பெரியது என் முழங்கை நீளம் இருக்கும்.

தொட்டியின் ஓரத்தில் பெரிய பானை மாதிரி ஒரு ஃபைபர் உருளை உட்கார்ந்திருக்கும். ஏதோ ஒரு ஹோட்டலில் நீச்சல்குளத்தை மூடியபோது மாமா பழைய விலைக்கு வாங்கி வந்த சாண்ட் ஃபில்டர். உள்ளே மணல், தலையில் ஒரு வால்வு, பக்கத்தில் பிரஷர் காட்டும் முள். அதை மாட்டிய மூணாவது நாள் மாமா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "மாப்ள, அடியில ஒரு ரூபா காசு கிடக்கு பாரு. வருஷம் தெரியுதா?" தெரிந்தது.

அந்த வருஷம் ஒருநாள் எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனது. ஒன்றரை நாள் கரன்ட் இல்லை. மாமா ஏமாளி இல்லை, பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் வைத்திருந்தார். காற்றுக்குமிழி வந்துகொண்டே இருந்ததால் மீன்கள் அந்த ஒன்றரை நாளையும் தாக்குப்பிடித்தன. ரெண்டாம் நாள் சாயங்காலம் கரன்ட் வந்தது. தெருவே கைதட்டியது. மாமா ஓடிப்போய் ஃபில்டர் மோட்டாரைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் கொல்லையில் அழுகிய முட்டை வாடை. ஒரு மணி நேரத்துக்குள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. விடிந்தபோது 11 மிதந்தன.

கரன்ட் இல்லாதபோது சாகாத மீன் கரன்ட் வந்ததும் செத்தது ஏன்? அந்தக் கேள்விதான் என்னை இந்தக் கட்டுரை வரை இழுத்து வந்திருக்கிறது. பதில் அந்த உருளைக்குள் இருந்தது. ஆனால் அந்த உருளையின் கதை நீச்சல்குளத்திலோ மீன்தொட்டியிலோ தொடங்கவில்லை. அது மனிதர்கள் குடித்த தண்ணீரில் தொடங்குகிறது.

*

மதுரைக்காரர்களுக்கு மணல் வடிகட்டியை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வைகை பெரும்பாலும் மணலாகத்தான் ஓடியது. கோடையில் ஆற்றுக்குள் இறங்கி, மணலைக் கையால் பறித்து ஊற்றுத் தோண்டினால் தண்ணீர் சுரக்கும். எங்கள் அம்மாச்சி அதைச் சொல்லும்போது ஒரு விஷயத்தை விடவே மாட்டார். "மொதல்ல ஊறுற தண்ணியக் குடத்துல எடுக்கக் கூடாது. இறைச்சு ஊத்திட்டு, தெளியிற வரைக்கும் உக்காந்திருக்கணும். அப்புறந்தான் சிரட்டையில மொள்ளணும்." மணலுக்குள் வந்த தண்ணீர் என்பதற்காகவே அது நல்ல தண்ணீர் ஆகிவிடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தெளியவைக்க இன்னொரு வழியும் நம்மிடம் இருந்தது. தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரசிவிட்டுக் கலங்கல் தண்ணீரை ஊற்றுவார்கள். கொட்டையிலிருந்து வரும் பொருள் மிதக்கும் நுண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, கனமாக்கி, அடியில் இறக்கிவிடும். கலித்தொகையிலேயே இது உவமையாக வந்துவிட்டது. அப்போதே எல்லோருக்கும் தெரிந்த வீட்டு வேலை இது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? மணல் தடுத்து நிறுத்துகிறது, கொட்டை திரட்டி இறக்குகிறது. நவீன நீர்ச் சுத்திகரிப்பும் இந்த இரண்டு வேலைகளையும்தான் பெரிய அளவில் செய்கிறது. கொட்டைக்குப் பதில் பெரும்பாலும் படிகாரம், அவ்வளவுதான்.

ஒரு நகரத்துக்கே மணலால் வடிகட்டிக் கொடுக்கலாம் என்பது 19ஆம் நூற்றாண்டில் வந்தது. 1804இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் துணி வெளுக்கும் ஆலை வைத்திருந்த ஜான் கிப் என்பவர், ஆலைக்காக வடிகட்டிய தண்ணீரில் மிச்சத்தை ஊராருக்கு விற்றார். 1829இல் ஜேம்ஸ் சிம்ப்சன் லண்டனில் செல்சி நீர் நிறுவனத்துக்காகப் பெரிய மணல்படுகை அமைத்தார். தேம்ஸ் தண்ணீர் அதன் மேல் தேங்கி, மெதுவாக, மிக மெதுவாக இறங்கும். இந்த வகைப் படுகையில் தண்ணீர் மணிக்கு 10, 20 சென்டிமீட்டர்தான் இறங்கும். நத்தை கூட வேகமாகப் போய்விடும்.

அந்த மெதுவில்தான் விஷயமே இருந்தது. சில நாட்களில் மணலின் மேல் ஒரு வழவழப்பான படலம் உருவாகும். பாசி, பாக்டீரியா, இன்னும் பல நுண்ணுயிர்கள் சேர்ந்து வாழும் தோல். ஜெர்மானியர்கள் அதற்கு 'ஷ்முட்ஸ்டெக்க' என்று பெயர் வைத்தார்கள், அழுக்குப் போர்வை என்று அர்த்தம். தண்ணீரைச் சுத்தமாக்கியதில் பெரும்பங்கு இந்தப் போர்வைக்குத்தான். அது உருவாகி முடியும்வரை வருகிற தண்ணீரை வீணாக விட்டுவிடுவார்கள். அம்மாச்சி இறைத்து ஊற்றிய அதே முதல் தண்ணீர்.

இதன் அருமை 1892இல் உலகத்துக்கே தெரிந்தது. எல்பே ஆற்றங்கரையில் ஹாம்பர்க், அதை ஒட்டியே அல்டோனா. ஹாம்பர்க் ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் குடித்தது. அல்டோனா, ஹாம்பர்க்கின் சாக்கடையும் கலந்த பிறகு கீழே வரும் தண்ணீரை எடுத்தது, ஆனால் மணலில் வடிகட்டிக் குடித்தது. காலரா வந்தபோது ஹாம்பர்க்கில் 8,000க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அல்டோனா பெரும்பாலும் தப்பியது. ராபர்ட் கோக் இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டிய பிறகு மணல் வடிகட்டி பற்றிய வாக்குவாதம் ஏறக்குறைய முடிந்தது.

நம் பக்கம், செங்குன்றம் ஏரித் தண்ணீரை 1870களிலிருந்து வடிகட்டாமலேயே குடித்துக்கொண்டிருந்த சென்னைக்கு, கீழ்ப்பாக்கத்தில் மணல்படுகைகள் 1914இல் வந்தன.

*

ஆனால் மெதுவான படுகைக்கு ஏக்கர் கணக்கில் இடம் வேண்டும். வளர்ந்துகொண்டிருந்த அமெரிக்க நகரங்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. 1895 முதல் 1897 வரை லூயிவில் நகரில் ஜார்ஜ் ஃபுல்லர் நடத்திய சோதனைகள் வேறொரு வழியை உறுதிப்படுத்தின. முதலில் படிகாரம் போட்டுத் துகள்களைத் திரட்டு. பிறகு தடித்த மணலில் பல மடங்கு வேகமாக இறக்கு. மணல் அடைத்துக்கொண்டால் தண்ணீரைக் கீழிருந்து மேலாகத் தலைகீழாய் அனுப்பு. மணல் எழும்பி, பொங்கி, பிடித்துவைத்த அழுக்கைக் கக்கிவிடும். இதுதான் பேக்வாஷ்.

வேகம் கூடியதும் அந்த உயிருள்ள போர்வை போய்விட்டது. கிருமியைக் கொல்ல 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குளோரின் வந்தது. வேலை இரண்டாகப் பிரிந்தது: மணல் துகளைப் பிடிக்கும், மருந்து உயிரைக் கொல்லும்.

நீச்சல்குளம் இந்தப் பிரிவினையின் எல்லைக்கே போனது. மூடிய உருளை, உள்ளே அரை மில்லிமீட்டர் அளவு மணல், மோட்டார் அழுத்தம். மாமாவின் ஃபில்டர் 60 சென்டிமீட்டர் விட்டம், பம்ப் மணிக்கு 10,000 லிட்டர். கணக்குப் போட்டால் தண்ணீர் மணிக்கு சுமார் 35 மீட்டர் வேகத்தில் மணலைக் கடக்கிறது. செல்சி காலத்துப் படுகையைவிட நூறு மடங்குக்கு மேல். அந்த வேகத்தில் சில பத்து மைக்ரானுக்குக் கீழுள்ள துகள்கள் பெரும்பாலும் தப்பிப் போகும். குளத்தில் அது பிரச்சினை இல்லை. குளோரின் இருக்கிறதே. அந்த உருளைக்குள் எதுவும் உயிரோடு இருக்கக் கூடாது என்பதுதான் அதை வடிவமைத்தவர்களின் எண்ணம்.

*

மீன்காட்சியகத்தின் கதை வேறு பாதையில் வந்தது. 1853இல் லண்டன் உயிரியல் பூங்காவில் முதல் பொது மீன்காட்சியகம் திறந்தது. அப்போதைய நம்பிக்கை, செடியும் மீனும் சரியான அளவில் இருந்தால் தண்ணீர் தன்னையே பார்த்துக்கொள்ளும் என்பது. சின்னத் தொட்டியில் அது ஓரளவு நடக்கும். பெரிய தொட்டியில் நடக்காது. 1871இல் கிரிஸ்டல் பேலஸ் மீன்காட்சியகத்தை அமைத்த வில்லியம் அல்ஃபோர்ட் லாய்டு ஒரு நல்ல வழி கண்டார். காட்சித் தொட்டிகளில் இருப்பதைப்போலப் பல மடங்குத் தண்ணீரை இருட்டான நிலத்தடித் தேக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் நடுவே ஓயாமல் சுழலவிட்டார். மீன் பார்க்காத தண்ணீர்தான் மீனைக் காப்பாற்றியது.

இந்தியாவின் முதல் மீன்காட்சியகம் 1909இல் சென்னை மெரினாவில் திறந்தது. அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சி அது. கடல் எதிரிலேயே இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. கடலிலிருந்து 150 கிலோமீட்டர் உள்ளே இருப்பவருக்கும், போர்த் தண்ணீரை நம்பி 20,000 லிட்டர் தொட்டி கட்டும் ஒத்தக்கடைக்காரருக்கும் அந்த வசதி கிடையாது. அதே தண்ணீரைத்தான் சுற்றிச் சுற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

அங்கேதான் நீச்சல்குள ஃபில்டர் மீனிடம் வந்து சேர்ந்தது. விலை கட்டுப்படியாகும், பெரிய அளவுத் தண்ணீரைத் தாங்கும், வால்வைத் திருப்பினால் பேக்வாஷ். உலகெங்கும் பெரிய மீன்காட்சியகங்களில் இதே மாதிரி மணல் உருளைகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் மீன்தொட்டியில் குளோரின் போட முடியாது. நீச்சல்குளத்தில் செத்துக் கிடந்த மணல், மீன்தண்ணீர் பட்டதும் உயிர்பெற்றுவிடுகிறது. அந்த அழுக்குப் போர்வை திரும்பி வருகிறது, இந்த முறை மூடிய உருளைக்குள், யார் கண்ணிலும் படாமல்.

ஒரு விஷயம் எனக்குப் புரிய வருஷங்கள் ஆயின. ஃபில்டர் அழுக்கைப் பிடிக்கிறது, வெளியேற்றுவதில்லை. மீனின் கழிவும் மிச்சத் தீனியும் மணலில் மாட்டிக்கொண்டதும் நம் கண்ணுக்குத் தண்ணீர் கண்ணாடி ஆகிவிடுகிறது. ஆனால் மொத்தத் தண்ணீரும் அந்த அழுக்கின் வழியாகத்தான் ஒவ்வொரு சுற்றும் போய் வருகிறது. அங்கே அது அழுகி அம்மோனியா ஆகும். பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். காசில் வருஷம் தெரிகிற தெளிவு இதில் எதையும் காட்டாது. மீன் வாழ்வது நாம் பார்க்கும் தண்ணீரில் இல்லை, கரைந்திருப்பவற்றில்.

கரன்ட் போனால் கதை மோசமாகும். உருளைக்குள் புதுத் தண்ணீர் வராது. மணலில் வாழும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் உள்ளே இருக்கும் ஆக்சிஜனைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். அவை சாகத் தொடங்க, ஆக்சிஜன் தேவைப்படாத வேறு வகை தலையெடுக்கும். அதன் கழிவுதான் ஹைட்ரஜன் சல்பைடு, அந்த அழுகிய முட்டை வாடை. மிகக் குறைந்த அளவே மீனைக் கொல்லப் போதும். ஒன்றரை நாள் ஊறிய அந்தத் தண்ணீரைத்தான் மாமா ஒரு சுவிட்சில் தொட்டிக்குள் அனுப்பினார்.

வால்வை முதலில் பேக்வாஷ் பக்கம் திருப்பியிருந்தால் போதும். மூன்று நிமிடம், 500 லிட்டர். அது வாழைக்குப் போயிருக்கும்.

*

இப்போது மாமா தொட்டியில் வேலைகள் பிரிந்திருக்கின்றன. மணல் உருளை துகளை மட்டும் பிடிக்கும். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவுக்குத் திறந்த தொட்டி ஒன்று தனியாக இருக்கிறது. அங்கே காற்று எப்போதும் கிடைக்கும். பிரஷர் முள் ஏறும்வரை காத்திருப்பதில்லை, மூணு நாளைக்கு ஒருமுறை பேக்வாஷ். அந்தக் கலங்கல் தண்ணீரைக் குடித்து வாழைக்குலை நன்றாகவே தள்ளுகிறது.

போன தடவை போனபோது நடந்ததையெல்லாம் மாமாவிடம் பேசினேன். பெய்ஸ்லி, ஹாம்பர்க் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "இதத்தானடா அம்மா அப்பவே சொன்னாங்க, மொதத் தண்ணிய இறைச்சு ஊத்தணும்னு" என்றார். கொஞ்ச நேரம் எங்கள் இருவருக்கும் பேச்சு வரவில்லை. அந்த 14இல் தப்பிய மூன்றும் இன்னும் இருக்கின்றன. மோட்டார் சுவிட்சுக்கு மேலே சுவரில் கரிக்கட்டையால் பெரிதாக எழுதியிருக்கிறது: 'கரன்ட் வந்தா மொதல்ல பேக்வாஷ்'.