110 ஓவர் போட்டும் முடியாத இறுதிப்போட்டி

2002 சம்பியன்ஸ் கிண்ணத்தை வென்றது யார் என்று கேட்டால் இரண்டு பெயர் சொல்லவேணும்: இலங்கை, இந்தியா. ஏன் இரண்டு என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்லுவினம். மழை. ஆனால் அந்த இரண்டு நாள் ஸ்கோரையும் பக்கத்தில பக்கத்தில வைத்துக் கணக்குப் பார்த்தால், மழையின்மீது முழுப்பழியையும் போடுவது அநியாயம் என்றே எங்களுக்குப் படுகிறது.

முதலில், அந்தப் போட்டி கொழும்புக்கு வந்த கதை. சுற்றுப்போட்டி இந்தியாவில் நடக்கவேண்டியது. அங்கே வரிவிலக்குக் கிடைக்காததால் இலங்கைக்கு மாற்றினார்கள். இங்கே அப்போது நல்ல நேரம். பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தது. செப்டெம்பர் 12 இல் போட்டிகள் தொடங்க, 16 இல் தாய்லாந்தின் சத்தஹிப்பில் அரசும் புலிகளும் முதற்சுற்றுப் பேச்சுக்கு உட்கார்ந்தார்கள். வெளிநாட்டு அணிகள் பயமில்லாமல் வரக்கூடிய ஒரு மாதம் அது. பணக்கணக்கும் சரி, அரசியலும் சரி. வானத்தை மட்டும் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

15 போட்டிகளும் கொழும்பிலேயே, எஸ்.எஸ்.சி., ஆர். பிரேமதாச என்ற இரண்டு மைதானங்களில். செப்டெம்பர் கடைசி எப்படியென்று கொழும்பில் இருந்தவைக்குச் சொல்லத் தேவையில்லை. தென்மேற்குப் பருவம் முடிகிற நேரம், ஒக்டோபர், நவம்பர் பெருமழைக்கு முந்திய நாட்கள். பகலில் வெயில் எரிக்கும், பின்னேரம் இருட்டிக்கொண்டு வந்து இடியோடு கொட்டும். பகலிரவுப் போட்டியில் இரண்டாவதாகத் துடுப்பெடுத்தாடுகிற அணி இறங்குவதும் அந்த நேரத்தில்தான். உலர் வலயத்தில் தம்புள்ளை மைதானம் இருந்தது, 2001 மார்ச்சிலேயே அங்கே சர்வதேசப் போட்டி நடந்துவிட்டது. தென்மேற்கில் மழை பெய்கிற மாதங்களிலும் விளையாடலாம் என்பதுதான் அதைக் கட்டியதற்கே காரணம். ஆனால் பெரிய கூட்டமும் பெரிய ஹோட்டல்களும் கொழும்பில்தானே!

செப்டெம்பர் 29. இலங்கை 50 ஓவரில் 5 விக்கெட்டுக்கு 244. சனத் ஜயசூரிய 74, குமார் சங்கக்கார 54. இந்தியா 2 ஓவரில் விக்கெட் இழப்பின்றி 14 எடுத்தபோது மழை வந்திட்டுது. அன்றைய ஆட்டம் அவ்வளவுதான்.

அடுத்தநாள் மேலதிக நாள். இங்கேதான் விஷயம் இருக்கு. முதல்நாள் ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை, புதிதாகத் தொடங்கினார்கள். விதி அப்படி. திரும்பவும் இலங்கை துடுப்பெடுத்தாடி 50 ஓவரில் 7 விக்கெட்டுக்கு 222. மஹேல ஜயவர்தன 77, எங்கட ரசல் ஆர்னல்ட் ஆட்டமிழக்காமல் 56. இந்தியா 8.4 ஓவரில் 1 விக்கெட்டுக்கு 38. பிறகு மழை. சனத்தும் கங்குலியும் கிண்ணத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

இனிக் கணக்கு. முதல்நாள் முடிவில் மிச்சமிருந்தது 48 ஓவர். இரண்டாம்நாள் மழை வரமுன் வீசப்பட்டது 58.4 ஓவர். அதாவது, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருந்தால் இந்தியாவின் துரத்தல் முழுவதும் முடிந்து, பத்து ஓவருக்குமேல் மிஞ்சியிருக்கும். மழை தன் பங்குக்கு நேரம் விட்டிருக்கிறது. மனிசர்தான் அந்த நேரத்தை இலங்கை இரண்டாம்தரமும் துடுப்பெடுத்தாடக் கொடுத்தார்கள்.

அப்படித் தொடருவது அந்தக் காலத்தில் தெரியாத வித்தையும் இல்லை. 1999 உலகக் கிண்ணத்தில் எட்ஜ்பாஸ்டனில் இந்தியா–இங்கிலாந்து ஆட்டம் மழையால் நின்று, மறுநாள் அதே இடத்திலிருந்து தொடர்ந்து, இந்தியா 63 ஓட்டங்களால் வென்றது. மூன்று வருடத்துக்குப் பிறகு கொழும்பில் ஏன் வேறு விதி? புதிதாகத் தொடங்குவது இரண்டு அணிக்கும் சமம் என்று வாதிடலாம். ஆனால் 244 அடித்துவிட்டு அதை அழித்துப்போட்டுத் திரும்பத் தொடங்கச் சொல்வது எந்த வகையில் சமம் என்று எங்களுக்கு விளங்கவில்லை. 2019 உலகக் கிண்ண அரையிறுதியில் நியூசிலாந்து 46.1 ஓவரில் நின்ற ஆட்டத்தை மறுநாள் அங்கிருந்தே தொடர்ந்தது.

கொழும்பு மட்டும் மாறவில்லை. 2023 ஆசியக் கிண்ணத்தை நடத்தும் உரிமை பாகிஸ்தானுக்கு. இந்தியா அங்கே போகாது. ஆகவே பெரும்பாலான போட்டிகள் இலங்கைக்கு, அதுவும் அதே செப்டெம்பரில். அம்பாந்தோட்டைக்கு மாற்றுவதாகக் கதை அடிபட்டது, கடைசியில் பிரேமதாசதான். சுப்பர் 4 சுற்றில் இந்தியா–பாகிஸ்தான் ஆட்டத்துக்கு மட்டும் மேலதிக நாள், மற்ற ஆட்டங்களுக்கு இல்லை. யாருடைய ஆட்டம் முடியவேணும் என்பதில் அவ்வளவு தெளிவு. செப்டெம்பர் 10 இல் 24.1 ஓவரில் 147 என்று நின்ற இந்தியா, 11 இல் அங்கிருந்தே தொடர்ந்து 356 அடித்து 228 ஓட்டங்களால் வென்றது.

இறுதிப்போட்டி 17 ஆம் திகதி. மழையால் கொஞ்சம் பிந்தித்தான் தொடங்கியது. இலங்கை 15.2 ஓவரில் 50 க்குச் சுருண்டது, சிராஜ் 21 ஓட்டங்களுக்கு 6 விக்கெட். இந்தியா 6.1 ஓவரில் முடித்துவிட்டது. 2002 இல் அதே மைதானத்தில் 110 ஓவரும் 4 பந்தும் வீசி முடிவில்லை, இங்கே 129 பந்தில் எல்லாம் முடிந்தது. ஆட்டநாயகனுக்குக் கிடைத்த பணத்தை சிராஜ் மைதானப் பணியாளருக்குக் கொடுத்தார். அந்த இரண்டு கிழமையும் முழு மைதானத்தையும் மூடுவதும் திறப்பதுமாக ஓடித்திரிந்தது அவர்கள்தான்.