ஈயமும் பங்கும்

வாங்கினார், விலை ஏறியதும் விற்றார். இரண்டு வழக்குகளின் கதையும் இதுதான். லாபம் வணிக வருமானமா, மூலதன ஆதாயமா என்பதே கேள்வி. ஒன்றில் கனடாவின் வரித்துறை வென்றது, மற்றதில் தோற்றது.

டெய்லர் வழக்கில் 1956இல் எக்செக்கர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உலோக நிறுவனமொன்றின் தலைவர் தம் சொந்தப் பொறுப்பில் 1,500 டன் ஈயம் வாங்கி, அந்த நிறுவனத்துக்கே விற்றார். சொந்தமாக ஈய வியாபாரம் செய்பவர் அல்லர் அவர். ஆனாலும் ஒரேயொரு கொடுக்கல் வாங்கல்கூட வியாபார முயற்சியாகலாம் என்றது நீதிமன்றம். 1,500 டன் ஈயத்தைத் தனி மனிதர் ஒருவர் வேறென்ன செய்வார்? அது வாடகை தராது, ஈவுத்தொகை தராது, கூடத்தில் வைத்து அழகு பார்க்கவும் முடியாது.

1962இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன இரிகேஷன் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சரக்கு வேறு: சுரங்க நிறுவனமொன்றின் புதுப் பங்குகள். வங்கிக் கடனில் வாங்கி, சில வாரங்களிலேயே பெரும்பகுதியை விற்று, மீதியையும் சில மாதங்களில் தள்ளிவிட்டார்கள். கடன், அவசரம், ஊக பேரம் என்று வியாபாரியின் அடையாளங்கள் அத்தனையும் இருந்தன. இருந்தும் மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் அது மூலதன ஆதாயமே என்று முடிவானது. பங்கு என்பது இயல்பிலேயே முதலீட்டுப் பொருளாம். ஈயத்துக்குச் சொன்ன நியாயம் எனக்குப் புரிகிறது. பங்குக்குச் சொன்னது இன்றும் நெருடுகிறது. நல்லவேளை, நாள்தோறும் பங்கு வாங்கி விற்பவர்களுக்கு இந்தத் தீர்ப்பு குடையாகவில்லை. எத்தனை முறை விற்றார், எவ்வளவு காலம் வைத்திருந்தார் என்று பின்வந்த நீதிமன்றங்கள் துருவின.

அன்று மூலதன ஆதாயத்துக்கு வரியே கிடையாது, 1972இல்தான் வந்தது. இன்று 1,00,000 டாலர் லாபம் வணிக வருமானமானால் முழுவதும் கணக்கில் ஏறும், மூலதன ஆதாயமானால் 50,000 மட்டும். நட்டத்தில் நிலைமை தலைகீழ். வணிக நட்டத்தைச் சம்பளத்திலும் கழிக்கலாம். மூலதன நட்டத்தைப் பொதுவாக மூலதன ஆதாயத்தில் மட்டுமே. அதனால் லாபத்தில் முதலீட்டாளராக இருந்தவர் நட்டத்தில் வியாபாரியாகிவிடுவார்.

வீடு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: குடியிருக்கலாம், வாடகைக்கு விடலாம், விற்கவும் செய்யலாம். அங்கே மட்டும் அரசு காலண்டரைக் கையில் எடுத்தது. 2023 தொடக்கம் முதல், வாங்கி 365 நாளுக்குள் விற்ற வீட்டின் லாபம், குடியிருந்த வீடானாலும், வணிக வருமானம். மரணம், மணமுறிவு போன்ற சில காரணங்களுக்கு விலக்குண்டு. நட்டம் வந்தால்? அந்த விதியின்படி அது பூச்சியம்.