நூலகத்துக்கு மனை வாய்த்த வரலாறு

பெருநகரம் ஒன்றில் நூலகத்துக்கு மனை கிடைப்பது எளிதன்று. கடைக்கு இடம் கொடுத்தால் வாடகை வரும். அலுவலகத்துக்குக் கொடுத்தால் அதிகாரம் வரும். நூலகத்துக்குக் கொடுத்தால் வாசகர் மட்டுமே வருவர். ஆதலின் நூலகம் எழுந்த வரலாறு என்பது பெரும்பாலும் நிலமும் கட்டடமும் கைமாறிய வரலாறாகவே இருக்கிறது. நாம் உத்தியோகத்தின் பொருட்டுக் குடியேறி வாழும் இக்கல்கத்தா மாநகரின் தேசிய நூலகமும் இதற்கு விலக்கன்று. அது எவ்வெவ்விடத்தில் இருந்தது, யாரிடமிருந்து யாருக்கு மாறியது, மாறியபோதெல்லாம் அதன் கதவு யாருக்குத் திறந்தது என்பவற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

1836ஆம் ஆண்டில் கல்கத்தா பொது நூலகம் தோன்றியது. அப்போது அதற்குச் சொந்தமாக ஒரு சுவர்கூட இல்லை. எஸ்பிளனேடில் டாக்டர் ஸ்டிராங் என்பவரது இல்லத்தின் கீழ்த்தளத்திலேதான் அது தொடங்கிற்று. அந்நாளில் கவர்னர் ஜெனரலாக இருந்த சார்லஸ் மெட்காப், வில்லியம் கோட்டைக் கல்லூரியின் நூல்களில் 4,675 நூல்களை அதற்கு மாற்றிக் கொடுத்தார். முந்நூறு ரூபாய் செலுத்தியவர்கள் நூலகத்தின் உரிமையாளர் ஆயினர். அவ்வுரிமையாளருள் முதல்வர் துவாரகநாத தாகூர். மகாகவி இரவீந்திரரின் பாட்டனார். முந்நூறு ரூபாய் அந்நாளில் பெருந்தொகை. எனினும், ஏழை மாணவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குக் கட்டணமின்றிப் படிக்கவும் அங்கே விதி இருந்தது. பணம் உடையோர் கட்டிய வீட்டில் பணமில்லாதோர்க்கும் ஒரு பலகை இடப்பட்டிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

1841இல் அந்நூலகம் வில்லியம் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. இதற்கிடையே, 1835இல் பத்திரிகைகளுக்குச் சுதந்திரம் வழங்கிய மெட்காபுக்கு ஒரு நினைவு மண்டபம் எழுப்ப நகரத்தார் விரும்பினர். நூலகத்துக்கோ வீடு தேவை. 1820இல் வில்லியம் கேரி என்னும் பாதிரியார் தோற்றுவித்த வேளாண்மைத் தோட்டக்கலைச் சங்கத்துக்கும் வீடு தேவை. தனித்தனியே நின்றால் முடியாத காரியம், மூவரும் கூடியபோது முடிந்தது. 1844இல் ஹூக்ளி நதிக்கரையை ஒட்டிய ஸ்டிராண்டு சாலையில், முப்பது பெருந்தூண்களுடன் மெட்காப் மண்டபம் எழுந்து நின்றது. கீழ்த்தளம் விதைக்கும் செடிக்கும், மேல்தளம் நூலுக்கு. பேர்லி பிளேஸ் ரயில்வே அலுவலகங்களுக்குச் செல்லும் நம்மவருள் பலர் அம்மண்டபத்தைக் கண்டிருப்பர். அது கல்கத்தா நூலகத்தின் பழைய இல்லம் என்பதை அறிந்தோர் சிலரே.

அங்கே நூலகராக விளங்கியவர்களுள் பியாரிசந்த் மித்திரர் வங்க உரைநடை இலக்கியத்தில் பெரும்பெயர் பெற்றவர். பிற்காலத்தில் தேசபக்தர் விபின் சந்திர பாலரும் சிலகாலம் அப்பணியில் இருந்தார். 1907இல் சென்னைக் கடற்கரையில் சொற்பொழிவாற்றித் தமிழ் இளைஞரின் உள்ளத்தில் சுதேசிக் கனலை மூட்டியவர் அவரே.

ஆயினும் காலப்போக்கில் உரிமையாளர்களின் ஊக்கம் குன்றியது. கட்டடம் பழுதுற்றது, நூல்களும் சிதைந்தன. மற்றொரு புறம், சர்க்கார் தன் செயலகங்களின் நூல்நிலையங்கள் பலவற்றை ஒன்றுசேர்த்து 1891இல் இம்பீரியல் நூலகம் என்ற பெயரில் ஒன்றை அமைத்தது. ஆனால் அது சர்க்காரின் உயர்ந்த அதிகாரிகளுக்கு மட்டுமே உரியது. ஒரே நகரத்தில், பொதுமக்கள் நுழையக்கூடிய நூலகம் பாழடைந்து கிடந்தது. நன்கு பேணப்பட்ட நூலகத்தில் பொதுமக்கள் நுழைய இயலவில்லை!

இவ்விரண்டையும் இணைக்க முற்பட்டவர் வைசிராய் கர்ஸன் பிரபு. வங்காளத்தை 1905இல் துண்டாடிய அவரது செயலை நாடு மன்னிக்கவில்லை. எனினும் நூலக விஷயத்தில் அவர் செய்ததைச் செய்ததாகவே எழுதுவது வரலாற்றுக்கு அழகு. மெட்காப் மண்டபத்தில் தோட்டக்கலைச் சங்கத்துக்கு இருந்த உரிமையையும், பொது நூலகத்தாருக்கு இருந்த உரிமையையும் சர்க்கார் விலைகொடுத்துப் பெற்றது. பலருடைய பொருளால் எழுந்த கட்டடமாதலின், வெறும் பத்திரங்கள் மட்டும் போதியனவாகக் கருதப்படவில்லை. அப்பத்திரங்களை உறுதிப்படுத்துவதற்கென்றே 1902இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1903ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் இம்பீரியல் நூலகம் மெட்காப் மண்டபத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்து வந்த ஜான் மக்பார்லேன் அதன் முதல் நூலகர். அவருக்குப்பின் 1907இல் அப்பதவியை ஏற்றவர் பன்மொழிப் புலவர் ஹரிநாத் தே. அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே.

அதன் பின்னரும் நூலகத்தின் பயணம் ஓயவில்லை. 1923இல் எஸ்பிளனேடில் இருந்த சர்க்கார் செயலகக் கட்டடத்துக்கு அது மாறியது. இரண்டாம் உலகப் போரின்போது அவ்விடத்தையும் விட்டுச் சித்தரஞ்சன் அவென்யூவிலுள்ள ஜபாகுசும் இல்லத்தில் தங்கிப் போர் முடிந்தபின் திரும்பியது. மாற்றல் உத்தரவு பெற்ற ரயில்வே ஊழியன் மூட்டை முடிச்சுகளுடன் ஊர் ஊராகச் செல்வதுபோல அந்நூல்களும் சென்றன எனலாம்.

நாடு விடுதலை பெற்றபின் அதற்கு வாய்த்த மனையோ யாரும் கனவிலும் எண்ணாதது. அலிப்பூரில் ஏறத்தாழ முப்பது ஏக்கர் பரப்புள்ள பெல்வெடேர் மாளிகை 1854 முதல் வங்காள லெப்டினன்ட் கவர்னரின் இல்லமாக இருந்தது. 1912இல் தலைநகர் டில்லிக்கு மாறியபின், வைசிராய் கல்கத்தா வரும்போது தங்கும் மாளிகையாயிற்று. 1948இல் அம்மாளிகை நூலகத்துக்கு வழங்கப்பட்டது. அவ்வாண்டே இம்பீரியல் என்ற பெயர் நீங்கித் தேசிய நூலகம் என்ற பெயரும் சட்டத்தால் அமைந்தது. 1953 பிப்ரவரி முதல் நாள் கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அதனைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தார். வைசிராய்கள் விருந்துண்ட கூடத்தில் கல்லூரி மாணவனும் குமாஸ்தாவும் அமர்ந்து குறிப்பெடுக்கலாயினர். அந்நாளில் நூலகராக இருந்து அதனை நாடறியச் செய்தவர் தென்னாட்டவரான பி. எஸ். கேசவன்.

1954இல் இயற்றப்பட்ட நூல் வழங்கல் சட்டத்தின்படி, இந்தியாவில் எம்மொழியில் வெளியாகும் நூலாயினும் அதன் பிரதி ஒன்று இந்நூலகத்துக்கு வந்தாகவேண்டும். தமிழ் நூல்களும் அவ்வாறே வருகின்றன. அன்றியும், தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை அரிதின் சேர்த்த அச்சு நூல்களும் சுவடிகளும் இங்கே அவர் பெயராலேயே தனித் தொகுதியாக உள்ளன. இன்று வாசிப்புப் பணி அதே வளாகத்தில் எழுந்த பாஷா பவன் என்னும் புதிய கட்டடத்தில் நடைபெறுகிறது. நூல்களின் தொகையும் இருபது லட்சத்தைக் கடந்துவிட்டது. விடுமுறை நாளில் குழந்தைகளை அலிப்பூர் மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துச் செல்லும் நம் குடும்பங்கள், அருகிலேயே தமிழ்ச் சுவடிகள் இருப்பதை அறியாமல் திரும்பி வருகின்றன.

இவ்வரலாற்றால் நாம் பெறும் படிப்பினை யாது? இடம் மாறுவதால் நூலகம் அழிவதில்லை. இந்நூலகம் பலமுறை இடம் மாறியும் வளர்ந்தே வந்திருக்கிறது. கதவு குறுகும்போதுதான் அதற்குக் கேடு. 1891இல் சிறந்த நூல்கள் இருந்தும் அது பொது நூலகம் ஆகவில்லை. 1903இல் கதவு திறந்தபோதே அப்பெயருக்குத் தகுதி பெற்றது.

நம் சங்கத்து நூல்நிலையம் சில அலமாரிகளே கொண்டது. விழாக்களுக்கு இடம் போதாமையால் அவ்வலமாரிகளை அகற்றலாமா என்ற பேச்சு நம்மிடையே எழுந்துள்ளது. அகற்றுவதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் அவற்றுக்கு ஈடாக வேறோர் இடம் முதலிலே உறுதி செய்யப்படவேண்டும். அவ்விடம் பூட்டிய அறையாக இராமல், மாலை வேளைகளில் நம் சிறுவர் சிறுமியர் தாமே சென்று நூலெடுக்கும் இடமாக இருத்தல் வேண்டும். வீட்டில் தமிழ் பேசியும் தமிழ் எழுத்தைப் படிக்க அறியாத பிள்ளைகள் நம் குடியிருப்பில் பெருகி வருகின்றனர். அவர்களுக்கு அந்த அலமாரிகளே முதற்படி; அலிப்பூர் அடுத்த படி. சங்க அன்பர்கள் முடிவெடுக்குமுன் இதனை மனத்தில் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.