செங்கோணத்தின் செம்மை

செங்கோணம் என்ற சொல்லில் உள்ள ‘செம்’ எதைக் குறிக்கிறது? செந்தாமரை, செம்மண், செவ்வானம் என நிறம் காட்டும் சொற்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆனால் செம்மைக்குச் சிவப்பு என்ற பொருளைப் போலவே வளையாமை என்ற பொருளும் உண்டு. அதற்கு உறுதியான சான்று செங்கோல். அதன் எதிர்ச்சொல் கருங்கோல் அன்று, கொடுங்கோல்; ‘கொடு’ என்றால் வளைந்தது. எதிரே நிற்கும் சொல்லே இங்கே செம்மையின் பொருளை முடிவுகட்டிவிடுகிறது. சாயாமல் எழும் பாறையைச் செங்குத்து என்கிறோம். மூலைகள் பிசகாத நாற்கரத்தைச் செவ்வகம் என்கிறோம். செங்கோணம் இந்தக் குடும்பத்துச் சொல்.

கோணுதல் என்றாலே வளைதல்தானே, வளையாத வளைவு என்று ஒன்று உண்டா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. செம்மை இங்கே கோணத்துக்கு உரியதன்று, அதை உண்டாக்கும் கோடு நிற்கும் நிலைக்கு உரியது என்பதே என் விடை. யூக்ளிடின் ‘மூலங்கள்’ முதல் புத்தகத்தின் 10ஆம் வரையறை இதைத்தான் சொல்கிறது: ஒரு நேர்கோட்டின்மேல் இன்னொன்று நின்று, இருபக்கமும் சமமான கோணங்களை உண்டாக்கினால், அவை ஒவ்வொன்றும் செங்கோணம். 90 பாகை என்ற எண்ணே அங்கு இல்லை. கிரேக்கப் பெயர் நிமிர்ந்து நிற்பதைச் சுட்டுகிறது. வடமொழியின் சமகோணம் இருபக்கமும் ஒத்திருப்பதைச் சுட்டுகிறது. ஒரே வரையறையின் இரு பாதிகள் இவை. செங்கோணம் வெறும் மொழிபெயர்ப்புச் சொல்தான் என்பாரும் உண்டு. அப்படியே இருந்தாலும், ‘நேர்’ என்ற சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில் ‘செம்’ நிலைத்தது கவனிக்கத்தக்கது. நேர்கோணம் என்ற பெயர் 180 பாகைக்குப் போயிற்று. கிடப்பதற்கு நேர், நிற்பதற்குச் செம் என்று கணிதத் தமிழ் நுட்பமாகப் பிரித்துக்கொண்டது.

கட்டட வேலையில் இந்தச் சொல் அதிகம் புழங்குவதில்லை. கொத்தனாருக்கு அது மூலைமட்டம். கடைக்கால் போடும்போது ஒரு நூலில் 3 அடியும் அடுத்த நூலில் 4 அடியும் குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பார். சுவர் எழுந்ததும் தூக்குக்குண்டு விடுவார். அவர் கருவியால் பெயரிடுகிறார், பாடநூல் உறவால் பெயரிடுகிறது, பொருள் ஒன்றே. இலங்கைப் பாடநூல்கள் செங்கோண முக்கோணியின் நீண்ட பக்கத்தைச் செம்பக்கம் என்கின்றன. தமிழ்நாட்டில் அது கர்ணம். சாய்ந்த பக்கத்துக்குச் செம்மை ஏது என்று இதைக்கொண்டு என் வாதத்தை மறுக்க முடியாது. செங்கோணத்துக்கு எதிர்ப்பக்கம் என்பதால் கோணத்தின் பெயரே அங்கே பக்கத்துக்கு ஏறியது என்றுதான் கொள்ள வேண்டும். கணித ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: 90 பாகை என்று எழுதிப்போடும் முன், ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, செங்கோல், செங்குத்து, செங்கோணம் மூன்றையும் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்லுங்கள்.