சிங்கைக்கு வராத கம்பி



சிங்கை சிராங்கூன் சாலைக்குப் போனால், கடைவாசலில் நின்றபடியே ஊருக்குப் போன் பேசுகிறவர்களைப் பார்ப்பீர்கள். ஒரு காலத்தில் ஊர்ச்சேதி கப்பலில்தான் வரவேண்டும். அங்கே ஒருவர் கண்மூடினால், இங்கே தெரிவதற்குள் கருமாதியே முடிந்திருக்கும்.

1860-ல் ரங்கூனுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடலடியில் தந்திக் கம்பி போட ஆங்கில அரசாங்கம் ஏற்பாடு செய்தது. நம் ஆட்களுக்காக அல்ல, ஆட்சிக்காகவும் வியாபாரத்துக்காகவும்தான். உள்ளே செம்புக் கம்பி, அதன்மேல் கட்டாபெர்ச்சா உறை, வெளியே சணலும் இரும்புக் கம்பியும். கட்டாபெர்ச்சா என்பது நம் மலாயாக் காட்டு மரத்துப் பால்தான். பால்மரம் வெட்டும் உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? ஆனால் இது சூடு பட்டால் இளகிவிடும், கம்பி பாழ்.

கப்பலில் சுருட்டி அடுக்கிய கம்பி உள்ளுக்குள் தானாகவே சூடேறுகிறதோ என்று, அதைச் சோதிக்கும் பொறுப்பிலிருந்த வில்லியம் சீமன்சுக்குச் சந்தேகம். ஈர இரும்பு துருப்பிடிக்கையில் சூடு பிறக்குமே! அந்தக் குவியலுக்குள் யார் போய் வெப்பமானியைப் பார்ப்பது?

உலோகம் சூடானால் மின்சாரத்துக்குத் தடை கூடும் என்று ஹம்ப்ரி டேவி 1821-லேயே காட்டியிருந்தார். சூட்டில் அணுக்கள் அதிகமாக அதிரும். மின்னணுக்கள் முட்டி மோதித்தான் போகவேண்டும், தைப்பூசக் கூட்டத்தில் நாம் போகிற மாதிரி. செம்புக்கு ஒவ்வொரு செல்சியஸ் டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். 100 ஓம் தடையுள்ள கம்பி 25 டிகிரி சூடேறினால் சுமார் 110 ஓம் ஆகிவிடும். சீமன்ஸ் மெல்லிய செம்புச் சுருள்களை அடுக்குகளின் நடுவே வைத்து, முனைகளை வெளியே இழுத்துத் தடையை அளந்தார். சந்தேகம் மெய்யானது. மேலே தொட்டால் குளிர்ச்சி, உள்ளே காய்ச்சல்! தண்ணீர் ஊற்றித் தணித்தார்கள்.

நம் வகுப்பிலும் பார்த்தோம். பேட்டரி, டார்ச் பல்பு, இடையில் மெல்லிய இரும்புச் சுருள். சுருளை மெழுகுவத்தியில் காட்டியதும் பல்பு மங்கியது. "சார், கம்பிக்குக் காய்ச்சலா?" என்றான் ஒருவன்.

அத்தனை பாடுபட்டும் அந்தக் கம்பி சிங்கைக்கு வரவில்லை. கப்பல் பிளிமத்தில் தரைதட்ட, திட்டம் மாறி, 1861-ல் மால்ட்டாவுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் நடுவே போடப்பட்டது. சீமன்சின் யுக்தி மட்டும் நிலைத்தது. 1871-ல் செம்புக்குப் பதில் பிளாட்டினத்தைக் கொண்டு உலைச்சூட்டையே அளக்கலாம் என்றார். ஆலைகளில் இன்றும் பிளாட்டின வெப்பமானி இருக்கிறது.

அதே 1871-ல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாக வேறொரு கம்பி சிங்கைக்கு வந்துசேர்ந்தது. ஆனால் தந்திக் கூலி கொடுக்க நம் பாட்டன்மாரிடம் காசு ஏது? அவர்கள் அப்புறமும் கப்பல் கடிதத்துக்குத்தான் காத்திருந்தார்கள்.