கடலுக்கும் சுவருக்கும் நடுவுல: ஒரு தட்டு மட்டனின் கதை

ஒரு நேயர் அனுப்பின கேள்வியிலிருந்து இன்னைக்கு ஆரம்பிக்கலாம். "ஸ்காட்லாந்தில் ஏதாவது குட்டித் தீவுக்குப் போனா, ஃப்ரெஷ்ஷா அந்த ஊர்ச் சாப்பாடு எங்கே கிடைக்கும்?" ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லிடலாம்னுதான் நினைச்சேன். நான் எடுத்துக்கிட்ட தீவில் சாப்பிடுற இடங்களை ஒரு கை விரல்லேயே எண்ணிடலாம். ஆனா அங்கே தட்டுல வர்ற மட்டன் எங்கிருந்து வருதுன்னு படிக்கப் போய், விஷயம் என்னை 1800களுக்கு இழுத்துட்டுப் போயிடுச்சு. அதனால இன்னைக்கு ஒரு எபிசோடே அதுக்குத்தான்.

தீவின் பெயர் நார்த் ரொனால்ட்சே. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னின்னு ஒரு தீவுக்கூட்டம் இருக்கு. அதுல வடகிழக்கு மூலையில இருக்கிற கடைசித் தீவு இது. நீளம் சுமார் 5 கிலோமீட்டர். தீவின் மிக உயரமான இடமே கடல் மட்டத்திலிருந்து 20 மீட்டர்தான். தட்டையான நிலம், ஓயாத காற்று. ஆர்க்னியின் பெரிய ஊரான கிர்க்வாலிலிருந்து எட்டுப் பேர் உட்காரும் குட்டி விமானத்தில் போகலாம். கப்பல் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறைதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே 72 பேர் இருந்தாங்க. ஆடுகள்? 2000க்கும் மேல.

ஆடுன்னா செம்மறி. நம்ம ஊர்ல மட்டன்னு வாங்கினா பெரும்பாலும் வெள்ளாடா இருக்கும், இது வேற. இந்தச் செம்மறிகள் உருவத்திலும் ரொம்பச் சின்னது. வளர்ந்த பெட்டை ஆடு சுமார் 25 கிலோதான் இருக்கும். வெள்ளை, சாம்பல், பழுப்பு, கறுப்புன்னு பல நிறம். ஆனா இந்த ஆடுகளைப் பிரபலமாக்கினது நிறமோ அளவோ கிடையாது, அதுங்க சாப்பாடுதான். வருஷத்தின் பெரும்பகுதி இதுங்க தின்பது கடற்பாசி.

தண்ணி வத்தும்போது ஆடுகள் பாறைக்கு இறங்கி மேயும். தண்ணி ஏறும்போது கரைக்கு வந்து படுத்து அசை போடும். ராத்திரி பகல்ங்கிற கணக்கை விட அலையின் கணக்குதான் இதுங்களுக்கு முக்கியம். இன்னொரு வேடிக்கை: மத்த ஊர் ஆடுகள் குளிர்காலத்தில் இளைக்கும், இதுங்க கொழுக்கும். குளிர்காலப் புயல் ஆழத்தில் இருக்கும் கெல்ப் பாசியைப் பிடுங்கிக் கரையில் குவியல் குவியலா போட்டுட்டுப் போயிடும். ஆடுகளுக்கு அதுதான் விருந்து.

சுவர் யாரைக் காப்பாத்துது?

இந்தத் தீவைச் சுத்தி ஒரு கல் சுவர் இருக்கு. சுமார் 13 மைல், அதாவது 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. ஆள் உயரம். சிமென்ட், சுண்ணாம்பு எதுவும் கிடையாது. கல் மேல கல்லை அடுக்கி, எடையாலேயே நிக்க வெச்சது. ஸ்காட்லாந்து அரசின் பாதுகாக்கப்பட்ட கட்டுமானப் பட்டியலில் முதல் தரத்தில் இருக்கு.

படத்தை முதல்ல பார்த்தப்ப நான் நினைச்சது, "ஆடுங்க கடல்ல விழாம இருக்கக் கட்டியிருக்காங்க போல"ன்னு. அப்படியே நேர் எதிர். ஆடுகள் இருக்கிறது சுவருக்கு வெளியே, கடல் பக்கம். சுவர் காப்பாத்துறது உள்ளே இருக்கிற வயலையும் புல்லையும் மாட்டையும். ஆடுகளை நிலத்தை விட்டுத் துரத்தத்தான் 1832ல இதைக் கட்டினாங்க.

ஏன் துரத்தணும்? அதுக்கு நாம கடற்பாசி வியாபாரத்தைப் பார்க்கணும்.

சாம்பலில் வந்த காசு

18ஆம் நூற்றாண்டில் கண்ணாடி செய்யவும் சோப்பு செய்யவும் சோடா உப்பு தேவைப்பட்டது. கடற்பாசியைக் காயவெச்சு, கல் பதிச்ச குழியில் எரிச்சா, கிடைக்கிற சாம்பல் கட்டியில் அந்த உப்பு இருக்கும். அந்தக் கட்டிக்கும் பேர் கெல்ப்தான். ஆர்க்னியில் 1720களில் ஸ்ட்ரான்சே தீவில் இந்தத் தொழில் ஆரம்பிச்சது.

மக்கள் உடனே சந்தோஷப்பட்டாங்களான்னா, இல்ல. 1742ல ஸ்ட்ரான்சேயில் கலவரமே நடந்தது. இந்தப் புகையால மீன் ஓடிப்போகும், பாறையில் ஒட்டியிருக்கிற சிப்பி செத்துப்போகும், பயிர் கெடும்னு பயந்தாங்க. யோசிச்சுப் பாருங்க, அவங்க கவலை முழுக்கச் சாப்பாட்டைப் பத்தினது. கடற்கரைதான் அவங்களுக்குப் பஞ்ச காலத்துச் சமையலறை. அதைக் கொளுத்தி வேற ஊருக்கு விக்கிறாங்கன்னா கோபம் வரத்தானே செய்யும்?

கோபம் ஜெயிக்கல, காசு ஜெயிச்சது. நெப்போலியன் போர் நேரத்தில் ஸ்பெயினிலிருந்து வந்துக்கிட்டிருந்த பரில்லா என்ற செடிச் சாம்பல் வர்றது தடைபட்டது. கெல்ப் விலை எகிறிப் போச்சு, நல்ல காலத்தில் ஒரு டன் 20 பவுண்டைத் தொட்டது. ஒரு டன் கெல்ப்புக்குச் சுமார் 20 டன் ஈரப் பாசியை அலையிலிருந்து இழுத்து, சுமந்து, காயவெச்சு எரிக்கணும். அந்த வேலையைச் செஞ்சது குத்தகைக் குடும்பங்கள். லாபத்தின் பெரிய பங்கு போனது நிலம் யாருடையதோ அவங்களுக்கு. நார்த் ரொனால்ட்சேயில் அது ட்ரெயில் குடும்பம். 1700களில் தீவையே விலைக்கு வாங்கினவங்க.

1815ல போர் முடிஞ்சது. வெளிநாட்டுச் சரக்கு திரும்ப வந்தது, அது மேல இருந்த வரியும் குறைஞ்சது. 1825ல பிரிட்டனில் உப்பு வரியை எடுத்தாங்க. சாதா உப்பிலிருந்தே தொழிற்சாலையில் சோடா தயாரிக்கிறது மலிவாச்சு. கெல்ப் சந்தை படுத்துடுச்சு. பிறகு அயோடின் எடுக்கக் கொஞ்ச காலம் பாசி எரிச்சாங்க, ஆனா பழைய காசு திரும்பி வரல.

இப்போ நில உடைமையாளர் கணக்கு மாறுது. கடல் பணம் தராதுன்னா நிலம் தரணும். நல்ல மாடு வளர்க்கணும், நல்ல பயிர் வேணும். அதுக்குக் குறுக்கே நின்னது தீவு முழுக்கச் சுத்தித் திரிஞ்ச இந்தக் குட்டி ஆடுங்க. 1832ல சுவர் எழும்புச்சு. காசு வராத கடற்பாசியும் காசு வராத ஆடும் ஒரே பக்கம் போச்சு.

"ஆதிகாலத்திலிருந்து கடற்பாசி மட்டுமே தின்னும் ஆடு"ன்னு சுற்றுலா விளம்பரத்தில் படிக்கலாம். பாதி உண்மை. பக்கத்துத் தீவான பாப்பா வெஸ்ட்ரே அருகே, சுமார் 5000 வருஷப் பழமையான கல்லறையில் கிடைச்ச ஆட்டுப் பற்களை ஆராய்ச்சி பண்ணப்போ, அந்த ஆடுகளும் குளிர்காலத்தில் கடற்பாசி தின்னது தெரிஞ்சது. பழக்கம் பழசுதான். ஆனா வருஷம் முழுக்கக் கடற்கரைதான் கதின்னு ஆனது, ஒரு தொழில் கவிழ்ந்ததுக்கு அப்புறம் போட்ட கணக்கால.

சுவர் விழுந்தா என்ன?

"சரி, இப்போ சுவர் இல்லாட்டி என்ன? ஆடுங்க புல்லைத் தின்னட்டுமே"ன்னு கேக்கலாம். இங்கேதான் சிக்கல். கடற்பாசியில் தாமிரச் சத்து ரொம்பக் குறைவு. தலைமுறை தலைமுறையா அதையே தின்ன இந்த ஆடுகளின் உடம்பு, கிடைக்கிற கொஞ்சத் தாமிரத்தையும் உறிஞ்சி வெச்சுக்கப் பழகியிருக்கு. மத்த ஆடுங்களுக்கு ஒத்துப்போற தீவனத்தையே இதுங்களுக்குத் தொடர்ந்து கொடுத்தா, தாமிரம் சேர்ந்து ஈரல் கெட்டுச் செத்துப்போகலாம். அதோட உள்ளே வேற இன ஆடுகளும் இருக்கு. கலந்துட்டா இந்த இனமே கரைஞ்சு போயிடும்.

குட்டி போடுற பருவத்தில் தாய் ஆடுகளை மட்டும் சில மாசம் உள்ளே புல்லுக்கு விடுவாங்க. அப்புறம் திரும்பக் கடற்கரைதான். நிலத்திலிருந்து துரத்தக் கட்டின சுவர், இப்போ இந்த ஆடுகளுக்கே உயிர்க்காப்பு ஆயிடுச்சு.

ஆனா சுவரை யார் பார்த்துக்கிறது? ஆடு எல்லாருக்கும் பொதுவான கரையில் மேயுது. அதனால 1830களிலேயே ஊர்க்காரங்க ஒரு சபை ஏற்படுத்தினாங்க. பேரே 'ஆட்டு நீதிமன்றம்'தான். யாருக்கு எத்தனை ஆடு, யார் சுவரில் எந்தப் பங்கைச் செப்பனிடணும், எப்போ ஆடுகளை வளைச்சுப் பிடிக்கணும், எல்லாம் அங்கே முடிவாகும். காதில் போடும் வெட்டு அடையாளத்தை வெச்சு யார் ஆடுன்னு கண்டுபிடிப்பாங்க. மயிர் கத்தரிக்கிற நாளில் ஊரே கரையில் வரிசை கட்டி நின்னு, கல் பட்டிக்குள் ஆடுகளை ஓட்டணும். ஒரு வீட்டால முடியாது, பத்து வீடு வேணும்.

19ஆம் நூற்றாண்டில் இங்கே 500 பேருக்கு மேல இருந்தப்போ அது பிரச்சினையே இல்ல. 72 பேர், அதிலும் வயசானவங்க நிறையன்னு ஆகும்போது? ஒவ்வொரு பெரும் புயலும் சுவரில் ஓட்டை போடுது. 1974ல, வட கடல் எண்ணெய் கசிஞ்சா மொத்த இனமும் போயிடும்ங்கிற பயத்தில், அரிய இனங்களைக் காக்கும் ஒரு அறக்கட்டளை லிங்கா ஹோம் என்ற வேற குட்டித்தீவை வாங்கி ஒரு மந்தையை அங்கே கொண்டுபோச்சு. 2016லிருந்து கோடையில் வெளியூர்த் தன்னார்வலர்கள் வந்து சுவர் அடுக்குறாங்க. 2019ல சுவரைப் பார்த்துக்கவே சம்பளத்துக்கு ஒரு ஆளை வேலைக்கு எடுத்தாங்க. அந்த வேலை விளம்பரம் உலகம் முழுக்கச் செய்தியாச்சு.

சரி, எங்கே சாப்பிடுறது?

இப்போ நேயரின் கேள்விக்கு வர்றேன். 1987ல தொடங்கின பறவை ஆய்வு மையத்தில் தங்கும் அறையும் சாப்பாட்டுக் கூடமும் உண்டு. தீவு மட்டன் அங்கே கிடைக்கும். வடமுனையில் 1854ல எரிய ஆரம்பிச்ச கலங்கரை விளக்கம் இருக்கு, பிரிட்டனில் தரை மேல நிக்கிறதிலேயே உயரமானது, 42 மீட்டர். அதன் வளாகத்திலும் ஒரு கஃபே. போறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேட்டுக்கோங்க. சீசன், விமானம், வானிலை, மூணும் ஒத்துவரணும்.

இறைச்சி கருஞ்சிவப்பா இருக்கும், வாசம் அழுத்தமா இருக்கும். மெதுவா வளர்ற ஆடு, வயசு கூடினதைத்தான் வெட்டுவாங்க, அதனால மெதுவாத்தான் வேகணும். கூட ஆர்க்னியின் பழைய பார்லி வகையான பேர் மாவில் சுட்ட தட்டை ரொட்டி கிடைச்சா விடாதீங்க.

உள்ளூர்ச் சாப்பாடுன்னா பக்கத்துலயே விளைஞ்சு பக்கத்துலயே தட்டுக்கு வர்றதுன்னு நினைப்போம். கிர்க்வாலில் இருந்த இறைச்சிக்கூடம் 2018ல மூடினதுக்கப்புறம், இறைச்சியை வெளியே விக்க நினைக்கிற ஆர்க்னிக்காரங்க ஆட்டை உயிரோட கப்பலேத்தி ஸ்காட்லாந்துப் பெருநிலத்துக்கு அனுப்ப வேண்டி வந்தது. ஆடு இருக்கு, பாசி இருக்கு, சாப்பிட ஆளும் இருக்காங்க. நடுவுல ஒரு கூடம் இல்லாததால கணக்கு உதைக்குது.

அதனால அந்தத் தீவில் மட்டன் சாப்பிடப் போறீங்கன்னா, ஒரு நாள் கூடத் தங்குங்க. சுவர் ஓரமா நடங்க. விழுந்து கிடக்கிற இடம் கண்டிப்பா கண்ணில் படும். யாராவது கல் அடுக்கிக்கிட்டிருந்தா, எந்தக் கல்லை எங்கே வைக்கணும்னு கேட்டுட்டு நீங்களும் ஒண்ணு எடுத்து வைங்க. அடுத்த வருஷம் வர்றவங்களுக்கும் அந்தத் தட்டு கிடைக்கணும்ல?

அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.